ஆறு லட்சமாம், ஆறு லட்சம்!

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் என்று சொல்லிவைத்த நம் பெரியவர்களுக்கு லண்டன் டவுனிங் தெருவில் பத்தாம் எண் வீட்டுக்காரர்களைத் தெரியாது. அங்கே அதே புளுகு எட்டு வருடம் ஓடும். 2020 நவம்பரில் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் பசுமைப் புரட்சி என்று பேர் வைத்துப் பத்து அம்சத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். அதில் ஓர் அம்சம், 2028-க்குள் பிரிட்டனில் ஆண்டுதோறும் 6 லட்சம் ஹீட் பம்புகள் பொருத்தப்படும் என்பது. 2028 என்ற வருடத்தைத் தேர்ந்தெடுத்த மகானுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். அடுத்த வருடம் என்று சொல்லியிருந்தால் அடுத்த வருடமே ஆள் வந்து கதவைத் தட்டுவான். 2050 என்று சொல்லியிருந்தால் கேட்டவனே சிரித்துவிடுவான். எட்டு வருடம்தான் சரியான தூரம். நம்புகிறவன் நம்பும் அளவுக்குக் கிட்டே இருக்கிறது. சொன்னவர் பதவி போய், சுயசரிதை எழுதி, மேடைக்கு இவ்வளவு என்று கூலி பேசத் தொடங்கும் அளவுக்கு எட்டவும் இருக்கிறது.

அன்று தொடங்கி 2024 ஜூலைக்குள் நாடு நான்கு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. எரிசக்தி இலாகா அலோக் சர்மா கையிலிருந்து எட் மிலிபாண்ட் கைக்கு வந்து சேர்வதற்குள் ஆறு அமைச்சர்களைக் கண்டது. ஆறு லட்சத்துக்கு ஆறு அமைச்சர். தலைக்கு ஒரு லட்சம் என்று பாகம் பிரித்துக் கொடுத்திருந்தால்கூடக் கணக்கு நேராகியிருக்கும். அந்த அறுவரில் ஜேக்கப் ரீஸ்-மாக் நாற்காலியில் இருந்தது ஏழு வாரம். அவர் வந்த அன்று ஹீட் பம்புக்கு விண்ணப்பம் போட்டவன் வீட்டுக்கு அளவெடுக்க ஆள் வருவதற்குள் அவர் போயே போய்விட்டார்.

சரி, எத்தனை பொருத்தினார்கள்? 2022-ல் விற்றது ஏறத்தாழ 55,000. இலக்கைத் தொட வேண்டுமென்றால் இது பதினோரு மடங்காக வேண்டும் என்று 2024 மார்ச்சில் தேசியத் தணிக்கை அலுவலகம் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியது. 2024-ல் விற்பனை 98,000 வாக்கில் வந்ததும், ஆகா சாதனை என்று மாலை மரியாதை. அதே நாட்டில் ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் வாக்கில் காஸ் பாய்லர்கள் சத்தமில்லாமல் சுவரில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு யாரும் இலக்கு வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ அவை நிறைவேறுகின்றன.

விஞ்ஞானத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. மே மாதத்தில் ஏசி ஓடும் வீட்டின் பின்பக்கம் நடந்துபோன எவருக்கும் ஹீட் பம்ப் பாதி தெரியும். அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டுவந்து தெருவில் போகிறவன் முகத்தில் அடிக்கிறதே ஒரு பெட்டி, அதைத் திசைமாற்றி ஓட்டினால் ஹீட் பம்ப். வெளியே பூஜ்யம் டிகிரி என்றாலும் காற்றில் சூடு இருக்கத்தான் செய்கிறது. அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவத்தைக் குழாயில் ஓடவிட்டால் அது காற்றின் சூட்டைக் குடித்து ஆவியாகும். கம்ப்ரஸர் அந்த ஆவியை இறுக்கி அழுத்தும்போது சூடு ஏறும். அந்தச் சூடு ரேடியேட்டர் தண்ணீருக்குப் போகும். மின்சாரம் சூட்டை உண்டாக்குவதில்லை, சுமந்துவருகிறது. ஆகையால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் சூடு வீட்டுக்குள் வரும். காஸ் பாய்லர் ஒரு யூனிட்டை எரித்து ஒன்றுக்கும் குறைவாகத்தான் திருப்பித் தரும்.

இது நேற்று முளைத்த சரக்கும் அல்ல. 1852-ல் கிளாஸ்கோவில் உட்கார்ந்து இந்தக் கணக்கை எழுதிவைத்தவர் வில்லியம் தாம்சன்; பின்னாளில் கெல்வின் பிரபு. 1945-ல் நாரிச் நகர மின்பொறியாளர் ஜான் சம்னர், போர்க்காலத் தட்டுப்பாட்டில் கிடைத்த பழைய உதிரிகளைப் பூட்டி, வென்சம் ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்து ஒரு கட்டடத்தையே சூடாக்கிக் காட்டினார். 1951-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்குத் தேம்ஸ் நதியிலிருந்து சூடு வந்தது. கணக்கு இவர்களுடையது, முதல் எந்திரங்களில் ஒன்று இவர்களுடையது, நதியும் இவர்களுடையது. இன்று ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு ஹீட் பம்ப் எண்ணிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் இவர்கள்தான்.

கேட்டால், எங்கள் குளிருக்கு அது தாங்காதாம். நார்வேயில் 1,000 குடும்பங்களுக்கு 600-க்கு மேல் ஹீட் பம்புகள் ஓடுகின்றன. ஃபின்லாந்தில் 500-க்கு மேல். அங்கெல்லாம் வெயில் கொளுத்துகிறது போலும்! சரி, எங்கள் வீடுகள் பழையவை என்றார்கள். அதையும் இவர்களுடைய அரசாங்கமே சோதித்துப் பார்த்தது. 742 வீடுகளில் பொருத்தி, 2021 டிசம்பரில் முடிவு சொன்னார்கள்: இந்தக் காலத்து வீடு, இந்த வகை வீடு இதற்கு ஆகாது என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. அந்த அறிக்கையை யார் படித்தார்களோ தெரியாது. பழைய வீட்டுக்கு ஆகாது என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் படிக்கவில்லை.

இலக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த எந்திரத்தில் ஒரு தனி இனிப்பு உண்டு. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம், 2020-க்குள் எரிசக்தியில் இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நாட்டுக்கு நாடு விதித்தது. பிரிட்டனுக்கு 15, ஸ்வீடனுக்கு 49. ஹீட் பம்ப் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் எடுக்கும் சூட்டையும் அந்தக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம், எந்திரம் குறைந்தபட்சத் திறனைத் தாண்டினால் போதும் என்று அந்த உத்தரவே இடம் கொடுத்தது. வீட்டுக்குள் வந்த மூன்று யூனிட்டில் இரண்டு யூனிட் நாட்டின் பேரில் வரவு! கடலில் காற்றாலை நட வேண்டாம், மலையில் அணை கட்ட வேண்டாம், கொல்லைப்புறக் காற்றையே கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஸ்வீடன்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். 2020-ல் அவர்கள் 60 சதவீதத்தைத் தாண்டியதில் இந்தக் கொல்லைக் காற்றுக்கும் பங்குண்டு. பிரிட்டன் என்ன செய்தது? புதுப்பிக்கத்தக்க சூட்டுக்கு ஊக்கத்தொகை என்று ஒரு திட்டம் போட்டது. 2011-ல் தொழில் நிறுவனங்களுக்கு, 2014-ல் வீடுகளுக்கு. 5,13,000 எந்திரங்கள் வரும் என்று ஆரம்பித்தார்கள். 2018-ல் தணிக்கை அலுவலகம் எட்டிப்பார்த்தபோது எதிர்பார்ப்பு 1,11,000-க்கு இறங்கியிருந்தது. காற்றை எழுதிக்கொள்வதற்கும் கை வரவில்லை.

இந்தத் திட்டத்தின் வட அயர்லாந்துப் பதிப்பைச் சொல்லாமல் போனால் பாவம் வரும். அங்கே இலக்கு, 2020-க்குள் சூட்டில் 10 சதவீதம். 2012 நவம்பரில் தொடங்கினார்கள். லண்டன் திட்டத்தைப் பார்த்து எழுதியவர்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்: குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரித்தால் மானியம் குறையும் என்ற விதியை. மரத்துகள் உருண்டை எரிக்கும் பாய்லருக்கும் அந்த மானியம் உண்டு. அதில் ஒரு யூனிட் சூடு எடுக்க ஆகும் செலவு நாலரைப் பென்ஸுக்கும் குறைவு. அதற்கு அரசாங்கம் கொடுத்த மானியம் 5.9 பென்ஸ். அதுவும் 20 வருட உத்தரவாதத்தோடு. எரிக்க எரிக்கக் காசு. சாம்பலைக் கொடு, பணத்தை வாங்கு. கொட்டகைகள் காய்ந்தன, ஜன்னல்கள் திறந்துகிடந்தன. காலிக் கொட்டகையைச் சூடாக்கியே 20 வருடத்தில் 10 லட்சம் பவுண்டு பார்க்க ஒரு விவசாயி கணக்குப் போட்டிருக்கிறார் என்ற பெயரில்லாப் புகார் 2016 தணிக்கை அறிக்கை வரைக்கும் ஏறியது.

இதில் என் வயிற்றெரிச்சல் எதுவென்றால், 2013-லேயே ஒரு பெண்மணி அரசு அலுவலகத்துக்கு எழுதி எச்சரித்திருக்கிறார். அவர் விற்றுக்கொண்டிருந்தது சூட்டை வீணாக்காமல் மிச்சம் பிடிக்கும் கருவி. ஒருவரும் வாங்கவில்லை. ஏன் வாங்குவார்கள்? மிச்சம் பிடித்தால் மானியம் போய்விடுமே! கட்டடங்களை ஜன்னல் திறந்துவைத்துச் சூடாக்குகிறார்கள் என்று அவர் நேரில் போயும் சொன்னார். அதிகாரிகளுக்கு நம்பிக்கை வரவில்லை. மக்கள் அப்படியெல்லாம் செய்வார்களா என்று நினைத்தார்களாம். என்ன ஒரு பெருந்தன்மை! சமூகநலக் காசுக்கு வரும் ஏழையிடம் ஒரு நாளாவது இந்தப் பெருந்தன்மையைக் காட்டியிருப்பார்களா? அப்படியே விட்டால் 49 கோடி பவுண்டு கூடுதலாகப் போகும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். 2017 ஜனவரியில் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் ராஜினாமா செய்ய, அரசாங்கமே கவிழ்ந்து மூன்று வருடம் எழுந்திருக்கவில்லை. நீதிபதி காக்லின் விசாரணை 2020 மார்ச்சில் முடிந்தது. ஊழலோ கெட்ட எண்ணமோ காரணமில்லை என்பது தீர்ப்பு. திருடியிருந்தால்கூட யாராவது ஒருவருக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது என்று ஆறுதல் பட்டிருக்கலாம்.

பெரிய பிரிட்டனுக்குத் திரும்பலாம். இங்கே திட்டங்களின் இடுகாடு கொஞ்சம் விசாலமானது. 2006 டிசம்பரில், 2016 முதல் கட்டும் புது வீடுகள் எல்லாம் கரியமிலம் கக்காதவையாக இருக்கும் என்றார்கள். அமலாக ஆறு மாதம் இருக்கும்போது, 2015 ஜூலையில், நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் காலத்தில் அதைத் தூக்கிப் போட்டார்கள். வீடு கட்டும் கம்பெனிகளுக்குச் சிரமமாம். அன்றைக்குக் கட்டும்போதே போட்டிருக்க வேண்டிய எந்திரத்தை, இன்றைக்குச் சுவரைக் குடைந்து, தண்ணீர்த் தொட்டிக்கு அலமாரியைக் காலிசெய்து, ரேடியேட்டரைப் பெரிதாக்கிப் போட வேண்டும். அந்தச் சிரமம் குடியிருப்பவனுக்கு. பிறகு 2025 முதல் புது வீட்டுக்குக் காஸ் பாய்லர் கிடையாது என்று 2019-ல் இன்னொரு நிதியமைச்சர் சொன்னார். 2025-லும் புது வீடுகளில் காஸ் பாய்லர் ஏறியது.

2013-ல் பசுமைக் கடன் என்று ஒன்று. வீட்டைச் செப்பனிடக் கடன் வாங்கு, மின்கட்டணத்தில் அடைத்துக்கொள். மொத்தம் 14,000 குடும்பங்கள் வாங்கின. அரசாங்கம் அதற்குச் செலவழித்தது 24 கோடி பவுண்டு. கடன் கொடுப்பதற்கே ஒரு கடனுக்கு 17,000 பவுண்டு! அந்தப் பணத்தைக் கையில் கொடுத்திருந்தால் அவரவர் ஹீட் பம்ப் வாங்கி மிச்சத்தில் விருந்தும் வைத்திருப்பார்கள். 2020 செப்டம்பரில் பசுமை வீட்டு மானியம் வந்தது. இலக்கு எத்தனை வீடுகள் என்று நினைக்கிறீர்கள்? 6 லட்சம்! இந்த எண்ணில் அப்படி என்ன ராசியோ. ஆறே மாதத்தில் கடையைச் சாத்தினார்கள். பலன் பெற்றவை 47,500 வீடுகள் வாக்கில். செலவு 31 கோடி பவுண்டு. அதில் நிர்வாகத்துக்கு மட்டும் 5 கோடி. ஆறு லட்சத்தை ஒரு மானியத்தில் தொட முடியாதவர்கள், அந்த மானியம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆண்டுக்கு ஆறு லட்சம் என்று புது இலக்கு அறிவித்ததைக் கவனியுங்கள்.

ஒரு திட்டம் மட்டும் நூற்றை நெருங்கியது. சுவருக்கு இன்சுலேஷன் ஒட்டும் திட்டம். ஏழைகள் வீட்டுக்கு என்று எரிசக்தி நிறுவனங்கள் மூலம் நடந்தது. 2025 அக்டோபரில் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது: வெளிச்சுவரில் ஒட்டியதில் 98 சதவீதம் பழுது. ஈரம் இறங்கி, பூஞ்சை பிடித்து, பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டிய பழுது. நூற்றில் இரண்டு வீட்டைச் சரியாகச் செய்தவர் யாரென்று கண்டுபிடித்து விசாரிக்க வேண்டும். கூட்டத்தோடு ஒத்துப்போகாத ஆள். அடுத்த மாதமே பட்ஜெட்டில் அந்தத் திட்டத்தை மூடுவதாக அறிவித்தார்கள். ஒழுகும் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் மூட முடியவில்லை.

ஹாரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாஸ்ரர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். 2025 வசந்தத்தில் ஒரு நாள் அவரிடம் போய் ஹீட் பம்பின் பெருமையை அளந்தேன். அவர் காஸ் பில் வந்த உறையைத் திருப்பி, பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார்.

"ஒண்டுக்கு மூண்டு தருமெண்டுதானே சொல்லுறீர்? நல்ல சாமான்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்ல. இப்ப விலையைப் பாரும். காஸ் யூனிட் ஏழு பென்ஸ். கரண்ட் இருபத்தேழு பென்ஸ். எத்தினை மடங்கு?"

"கிட்டத்தட்ட நாலு, மாஸ்ரர்."

"மிசின் மூண்டு மடங்கு தருது, விலை நாலு மடங்கில நிக்குது. மூண்டாம் வகுப்புப் பெடியனும் செய்யிற கணக்கு. உங்கட மந்திரிக்கு ஏன் விளங்கேல்ல?"

"எங்கட மந்திரியா?"

"வோட்டுப் போட்டது நீர்தானே!"

பாய்லரில் வீணாவதையும் கழித்துப் பார்த்தார். காஸில் ஒரு யூனிட் சூட்டுக்கு எட்டுப் பென்ஸ். ஹீட் பம்ப் நடைமுறையில் தருவது ஒன்றுக்கு 2.8 என்று வைத்தால் ஒன்பதரைப் பென்ஸுக்கு மேல். எந்திரம் மூன்று மடங்கு திறமைசாலி. பில் மட்டும் கூடுதல். உறையை என்னிடமே கொடுத்துவிட்டார், மந்திரியைக் கண்டால் காட்டச் சொல்லி.

இந்த விலை வானத்திலிருந்து விழுந்ததல்ல. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் 2002-லிருந்து கொடுத்துவந்த மானியங்களை அரசாங்கம் வரியில் எடுக்கவில்லை. மின்சார பில்லில் ஏற்றியது. காஸ் பில்லில் அந்தப் பாரம் பேருக்குத்தான். புகை கக்கும் எரிபொருளுக்குச் சலுகை, புகையில்லாத மின்சாரத்துக்குத் தண்டனை. காரணம் கேட்டால் பசுமை! போதாததற்குச் சந்தையில் மின்சார விலையைப் பெரும்பாலான நேரம் தீர்மானிப்பது காஸ் ஆலைதான். காற்று ஓசியில் அடித்தாலும் விலை காஸ்காரன் சொல்வது. 2025 நவம்பர் பட்ஜெட்டில்தான் அந்தப் பாரத்தில் ஒரு பங்கை மூன்று வருடத்துக்குக் கஜானாவுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்து? அதற்குள் அடுத்த தேர்தல் நெருங்கிவிடும்.

பாய்லர் கம்பெனிகளை மறந்துவிடக் கூடாது. 100 பாய்லர் விற்றால் கூடவே 4 ஹீட் பம்பாவது விற்க வேண்டும், குறைந்தால் ஒன்றுக்கு 3,000 பவுண்டு அபராதம் என்று 2024-க்கு ஒரு விதி வைத்தார்கள். நூற்றுக்கு நான்கு! கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? விதி வருவதற்கு முன்பே, அபராதம் என்று ஒரு காசுகூடக் கட்டாமல், பாய்லர் ஒன்றுக்கு 120 பவுண்டு வரை விலையை ஏற்றின. கட்டப் போகாத அபராதத்தை முன்பணமாக வசூலிக்கும் இந்தக் கலையை நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்கள்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. அரசாங்கம் மிரண்டுபோய் விதியை ஒரு வருடம் தள்ளிவைத்தது. 2025-ல் அது திரும்ப வந்தபோது அபராதம் 500 பவுண்டாக இளைத்திருந்தது.

இடையில் ஹைட்ரஜன் கூத்து. இருக்கிற காஸ் குழாயிலேயே ஹைட்ரஜனை விடுவோம், பாய்லரை மட்டும் மாற்றினால் போதும் என்று குழாய்க்காரர்கள் வாய்ப்பந்தல் போட்டார்கள். மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்து, அதை எரித்து வீட்டைச் சூடாக்க, ஹீட் பம்புக்கு ஆவதைவிட ஐந்து மடங்குக்கு மேல் மின்சாரம் வேண்டும். எல்ஸ்மியர் போர்ட் பக்கத்தில் விட்பி என்ற ஊரை ஹைட்ரஜன் கிராமமாக்கப் பார்த்தார்கள். நாங்கள் என்ன சோதனை எலிகளா என்று ஊர் திரண்டது. 2023 ஜூலையில் விட்பி கைவிடப்பட்டது, டிசம்பரில் இதே சோதனைக்குக் குறித்துவைத்திருந்த இன்னொரு ஊரான ரெட்கார். அரசாங்கம் இரண்டு நாட்களில் ஒரு பேப்பரும் பென்சிலுமாகத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயத்தை, அந்த இரண்டு ஊர்ச் சனங்களும் கூட்டம் போட்டுக் கத்தித் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஹைட்ரஜன் வரும், பொறுங்கள் என்ற அந்த வருடங்கள் முழுக்கக் காஸ் பாய்லர் விற்றுக்கொண்டே இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மானியம்தான் 7,500 பவுண்டு ஆகிவிட்டதே என்பார்கள். ஆகியிருக்கிறது, 2023 அக்டோபரிலிருந்து. ஒரு ஹீட் பம்ப் பொருத்த 12,000, 13,000 ஆகிறது. மீதி ஐயாயிரத்தைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் அந்த 7,500. சொந்த வீடு இருக்க வேண்டும். பெட்டியை வைக்கத் தோட்டத்தில் இடம் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரனைக் கேட்க வேண்டும். வீட்டுக்காரனுக்கென்ன, பில் கட்டுவது அவனில்லையே. உள்ளவனுக்கு மானியம், இல்லாதவனுக்கு என்ன? அதற்கும் பதில் உண்டு. 2023 பிப்ரவரியில் டைம்ஸ் பத்திரிகை எழுதியது: பிரிட்டிஷ் காஸுக்காக வேலைசெய்த வசூல்காரர்கள், பாக்கி வைத்தவர்களின் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்து, முன்பணம் போட்டால்தான் காஸ் வரும் மீட்டர்களை மாட்டிவிட்டு வந்தார்கள். நடுக்குளிரில். உள்ளே கைக்குழந்தைகள் இருந்தார்கள், உடல் ஊனமுற்றவர்கள் இருந்தார்கள். ஆக ஒருவன் வீட்டுக்குள் ஆள் அனுப்பிக் கருவி பொருத்த இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வாரண்டு வாங்கவும் தெரியும், பூட்டுத் திறக்கிறவனைக் கூட்டிவரவும் தெரியும், ஒரே மணி நேரத்தில் மாட்டி முடிக்கவும் தெரியும். மாட்டியது மீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம்.

2026 ஜனவரியில் மாஸ்ரரின் பாய்லர் செத்தது. பதினேழு வருடம் உழைத்த பாய்லர். மனுஷர் கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளை நினைத்தோ என்னவோ, ஹீட் பம்புக்குத்தான் முதலில் போன் அடித்தார். வந்து பார்க்க மூன்று வாரம், வீட்டின் சூட்டிழப்பைக் கணக்கிட்ட பிறகு மதிப்பீடு, மானியத்துக்கு விண்ணப்பம், எப்படியும் ஏப்ரல் ஆகும் என்றார்கள். வீட்டுக்குள் பதினோரு டிகிரி. மாமி இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு சமைத்தார். மறுநாள் காலை ஒரு காஸ் பிளம்பர் வந்தார், மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் புது பாய்லர் சுவரில் ஏறிவிட்டது. நான் போனபோது மாஸ்ரர் உத்தரவாதச் சீட்டை வாசித்துக்கொண்டிருந்தார். பத்து வருடம்.

"2036 வரைக்கும் காஸ்தானா மாஸ்ரர்?" என்றேன். "அப்ப நாட்டின் இலக்கு?"

சீட்டைத் தூக்கிக் காட்டினார். "இதில ஒரு ஆளின்ர கையெழுத்துக் கிடக்கு, போன் நம்பர் கிடக்கு. பழுதானா ஆருக்கு அடிக்கிறதெண்டு எனக்குத் தெரியும். உங்கட இலக்கில ஆற்ற நம்பர் போட்டிருக்கினம்?"